இன்றைக்கு அவனை என்ன செய்யச் சொன்னார்கள்?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. டாம்பா பே ரேஸ் பேஸ்பால் அணியின் இளம் ஆட்டக்காரர்களை இந்த ஏப்ரல் முதல் தொடர்ந்து கவனித்து எழுதப்போகிறாய் என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். டர்ஹமில் குடியேறிய நாளிலிருந்து நான் செய்துவருகிற வேலை இது. நம்மவர்களிடம் சொன்னால், “பெரிய அணி ஆடுவதை விட்டுவிட்டு ஏன் இந்தப் பையன்கள் பின்னால் அலைகிறீர்கள்?” என்பார்கள். நீ அப்படிக் கேட்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்றுதான் கேட்டிருக்கிறாய்.

நீ அனுப்பிய முதல் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ரேஸின் பையன்கள் ஆடும் டர்ஹம், மாண்ட்கமரி, போலிங் கிரீன், சார்ல்ஸ்டன் என்று மேல் படியிலிருந்து கீழ்ப் படி வரை நான்கு ஊர் ஆட்டங்களையும் எடுத்துக்கொண்டு, யார் எத்தனை ஹிட் அடித்தார், யார் எத்தனை பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார் என்று சுத்தமாகத் தொகுத்திருக்கிறாய். எண்களில் ஒரு பிழைகூட இல்லை. ஆனால் படித்து முடித்தபோது அந்த ஆட்டக்காரர்களில் ஒருவரைப் பற்றிக்கூட நேற்றுத் தெரியாத ஒன்று இன்று எனக்குத் தெரியவரவில்லை.

ஒரு ஜூலை இரவைச் சொல்கிறேன். டர்ஹம் புல்ஸ் மைதானத்தில் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், ஒன்பதாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு ஸ்கவுட்டுகள் ரேடார் கன்னோடு. பக்கத்தில், மறுநாள் பந்து வீச வேண்டிய பையன், அணிச் சட்டையோடு மடியில் அட்டையை வைத்து ஒவ்வொரு பந்தையும் குறித்துக்கொண்டிருந்தான். மைதானத்தில் வீசிக்கொண்டிருந்தவன் நல்ல வேகக்காரன். 97 மைல் வேகத்தில் போடக்கூடிய கை. அன்று அவன் நான்கு இன்னிங்ஸில் ஐந்து ரன் கொடுத்தான். காலையில் பாக்ஸ் ஸ்கோரைப் பார்த்த எவரும் “இவன் கதை முடிந்தது” என்றுதான் எண்ணியிருப்பார்கள்.

நான் பார்த்தது வேறு. இரண்டு பந்து தள்ளிப்போய், எந்த பிட்சரும் ஃபாஸ்ட்பாலைத் தேடி ஓடுகிற நிலையிலும் அவன் சேஞ்ச்-அப் போட்டான். இரண்டு ஸ்ட்ரைக் விழுந்து பேட்டர் திணறிக்கொண்டிருந்தபோதும் அதே சேஞ்ச்-அப். கேட்சர் கையுறையை முழங்காலுக்குக் கீழே வைத்துக் காத்திருந்தார். பந்து இடுப்பு உயரத்துக்கு மிதந்து வந்தது. சுவரில் போய் மோதியது. அவன் முகம் மாறவில்லை. அடுத்த ஆளுக்கும் அதையே போட்டான். டக்அவுட்டின் கம்பியில் சாய்ந்து நின்ற பிட்சிங் கோச் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இவனை ஜெயிக்கச் சொல்லி அனுப்பவில்லை, இந்தப் பந்தைப் போடச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் அவனை மறுபடி பார்த்தேன். அதே கை வீச்சு, அதே சேஞ்ச்-அப். இந்த முறை கையுறை வைத்த இடத்திலேயே வந்து விழுந்தது. பேட்டர் காற்றைத்தான் அடித்தார்.

தம்பி, நான் உனக்குச் சொல்ல நினைப்பதெல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கும்: இன்றைக்கு அவனை என்ன செய்யச் சொன்னார்கள்? எந்த ஊர் ஆட்டத்தைப் பார்த்தாலும், எந்தப் பாக்ஸ் ஸ்கோரைப் புரட்டினாலும் முதலில் இதைக் கேட்டுக்கொள்.

இதற்குக் காரணம் அந்த அமைப்பிலேயே இருக்கிறது. டர்ஹம் புல்ஸுக்கு ஒரு முதலாளி இருக்கிறார். டிக்கெட் விற்பதும், மைதானத்தைப் பராமரிப்பதும், ஹாட் டாக் விற்பதும் அவருடைய ஆட்கள். ஆனால் ஆட்டக்காரர்களுக்கும் மேனேஜருக்கும் கோச்சுகளுக்கும் சம்பளம் கொடுப்பது ரேஸ். யார் எந்த இடத்தில் ஆடுவது, எத்தனை பந்து வீசியதும் நிறுத்துவது, எந்த வாரம் யார் ஊர் மாறுவது எல்லாம் ஃபுளோரிடாவில் தீர்மானமாகிறது. ஊர்க்காரர்கள் கோப்பை வேண்டும் என்று கத்துவார்கள், அது நியாயம்தான். 2021 முதல் 2023 வரை சார்ல்ஸ்டன் ரிவர்டாக்ஸ் தொடர்ந்து மூன்று ஆண்டு கரோலினா லீக் கோப்பையை வென்றபோது அந்த ஊர் எவ்வளவு கொண்டாடியிருக்கும்! ஆனால் நன்றாக ஆடுகிற பையனை இறுதிப் போட்டிக்கு முந்தின வாரம் மேலே கூப்பிட்டுக்கொண்டால் அங்கே யாரும் தடுக்க முடியாது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. நூறாண்டுக்கு முன்னால் சிற்றூர் அணிகள் தங்கள் பிழைப்புக்குத் தாமே ஆள் பிடித்து, தேறியவனை அதிக விலை கொடுக்கும் பெரிய அணிக்கு விற்றன. செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸிடம் அப்போது பணம் இல்லை. ஏலத்தில் தோற்றுத் தோற்றுச் சலித்த அந்த அணியின் பிராஞ்ச் ரிக்கி, 1920களில், அந்தச் சிற்றூர் அணிகளையே வாங்கத் தொடங்கினார். விலைக்கு வாங்க முடியாததை வளர்த்துக்கொள்ளலாம் என்று. இந்த அணிகளுக்குப் பண்ணை என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு ரேஸ் இருக்கும் நிலையும் ஏறக்குறைய அதுதான். நியூயார்க்கோடு சம்பளத்தில் போட்டி போட முடியாத அணிக்கு இந்த நான்கு ஊர்களும் சோறு போடும் வயல். நாற்றங்காலில் நிற்கிற பயிரில் போய்க் கதிர் எண்ணக்கூடாது. வேர் பிடித்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

எண்களைத் தூக்கி எறி என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. எண்ணைப் படிக்கத் தெரியாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் வயதை எழுது, ஊரை எழுது. 19 வயதில், போலிங் கிரீன் ஆடும் ஹை-ஏ படியில் தடுமாறுகிறவனும் 25 வயதில் அங்கே வெளுத்து வாங்குகிறவனும் ஒரே தராசில் நிற்கமாட்டார்கள். ரீனோ, ஆல்புகர்க்கி போன்ற மேட்டு நிலத்து ஊர்களில் காற்று மெலிது, பந்து பறக்கும். அங்கே அடித்த ஹோம் ரன்னைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு படி. எங்கள் டர்ஹமில் இடது பக்கச் சுவர் 305 அடி தூரத்தில், 32 அடி உயரத்துக்கு நிற்கிறது. வேறு ஊரில் ஹோம் ரன்னாகியிருக்கும் தாழ்ந்த அடி இங்கே சுவரில் மோதி டபுளாகும். வேறு ஊரில் கேட்ச் ஆகியிருக்கும் உயர்ந்த அடி இங்கே தாண்டிப் போய்விடும். 2023இலிருந்து, டர்ஹம் ஆடும் ட்ரிபிள்-ஏ மைதானங்களில் ஒவ்வொரு பந்தின் வேகமும் சுழற்சியும் எல்லோர் கண்ணுக்கும் கிடைக்கின்றன. மாண்ட்கமரியிலும் போலிங் கிரீனிலும் உனக்கு அந்த வசதி கிடையாது. அங்கே உன் கண்தான்.

வயதைப் பார் என்று சொன்னேன். அதிலும் ஏமாறுவாய். ஜேக்கப் டிகிராம் கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப். 2010இல் மெட்ஸ் அவரை ஒன்பதாம் சுற்றில் பிட்சராக எடுத்தது. எடுத்த ஆண்டே முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை. 2011 முழுக்க ஆட்டமே இல்லை. 2012இல் 24 வயதில் சவானாவில் சிங்கிள்-ஏ பையன்களுக்கு நடுவே வீசிக்கொண்டிருந்தார். இளம் ஆட்டக்காரர்களைத் தரவரிசைப் பட்டியல் போடுகிறவர்களுக்கு அவர் வயது கடந்த ஆள். பிட்சராகக் கணக்கெடுத்தால் அப்போதுதான் அவர் நடைபழகிக்கொண்டிருந்தார். 2014இல் மேஜர் லீகுக்கு வந்து அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார்; 2018, 2019 இரண்டிலும் சை யங் விருது.

நம் ரேஸ் பக்கம் வருவோம். 2008 டிராஃப்டில் முதல் ஆளாக ரேஸ் எடுத்தது டிம் பெக்கம் என்ற ஷார்ட்ஸ்டாப்பை. 2010இல் 31ஆம் சுற்றில் கெவின் கீர்மையர் என்ற ஒருவரை எடுத்தார்கள். அவருக்கு முன்னால் 900 பேருக்கு மேல் பெயர் வாசித்தாகிவிட்டது. இப்போது டிராஃப்ட் 20 சுற்றோடு முடிந்துவிடுகிறது, அப்படி ஒரு சுற்றே இல்லை. 2013இல் இருவரும் டர்ஹம் சட்டையில் ஆடினார்கள். இருவருக்கும் அந்த செப்டம்பரிலேயே மேலிருந்து அழைப்பு வந்தது. கீர்மையரின் பேட்டிங் எண்களைக் காகிதத்தில் பார்த்தால் சுமாரான ஆள் என்பாய். சென்டர் ஃபீல்டில் பார்க்க வேண்டும்! அடி விழும் சத்தத்தோடு சேர்ந்தே காலடி எடுத்துவைப்பார். இடைவெளியில் விழுந்து டபுள் ஆக வேண்டிய பந்து, பாக்ஸ் ஸ்கோரில் வெறும் இன்னொரு கேட்சாகப் பதிவாகும். ரேஸ் சட்டையிலேயே மூன்று கோல்ட் கிளவ் வாங்கினார்: 2015, 2016, 2019. அப்படியொருவனைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்காராதே. உயரத்தில் போய் உட்கார்ந்து, பந்தைப் பார்க்காமல் ஃபீல்டரின் முதல் அடியை மட்டும் பார்.

ஒரு ஸ்டாப்வாட்ச் வாங்கிக்கொள். பேஸ் திருட ஒருவன் கிளம்பும்போது, கேட்சர் கையுறையில் பந்து விழும் சத்தத்திலிருந்து இரண்டாம் பேஸில் அது போய்ச் சேரும்வரை அளந்து எழுது. 2 விநாடிக்குள் போனால் நல்ல கை. இதை யாரும் உனக்கு அச்சடித்துத் தரமாட்டார்கள்.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. ஒரு கோடையில், ஒரு இன்ஃபீல்டரைப் பற்றி, அடியில் தெம்பே போய்விட்டது, இவன் இனித் தேறமாட்டான் என்று எழுதினேன். எண்கள் என் பக்கம்தான் இருந்தன. சீசன் முடிந்த பிறகு தெரிந்தது: உள்ளங்கையின் அடியில் இருக்கும் ஹமேட் என்ற சின்ன எலும்பின் கொக்கி உடைந்து, அதை எடுத்துவிட்டு ஆடவந்தவன் அவன். பேட்டின் அடிக்குமிழ் அழுத்துகிற இடம் அது. பேட் பிடிக்கும் வலு திரும்பவே மாதக்கணக்காகும். அவன் பேட்டை வழக்கத்தைவிட ஒரு விரற்கடை மேலே பிடித்திருந்ததை நான் என் நோட்டிலேயே குறித்திருந்தேன். குறித்துவிட்டு, ஏன் என்று கேட்காமல் விட்டுவிட்டேன். இன்றும் அந்தப் பக்கத்தைத் திறந்தால் கூசுகிறது. நீ எழுதியதைக் கிழிக்காதே, திருத்தாதே. தேதியோடு வைத்திரு. அடுத்த ஆண்டு அதைப் படிப்பதுதான் உனக்குப் பாடம்.

‘தேறமாட்டான்’ என்ற சொல்லையே கொஞ்ச காலம் கைவிட்டுப் பார். மார்க் அப்பெல் 2013 டிராஃப்டில் முதல் ஆள். 2018இல் ஆட்டத்தையே விட்டுப் போய்விட்டார். எழுதியவர்கள் எல்லாரும் கணக்கை மூடினார்கள். அவர் திரும்பி வந்து, 2022 ஜூனில், 30 வயதில், ஃபிலடெல்ஃபியாவுக்காக முதல் மேஜர் லீக் ஆட்டம் ஆடினார்.

இன்னொன்றுக்கும் மனதைத் தயார் செய்துகொள். நீ ஆசையாக வளர்ச்சியைப் பார்த்துவந்த பையனை ஒரு நாள் காலையில் விற்றுவிடுவார்கள். 2019இல் போலிங் கிரீனில் மேத்யூ லிபரடோரின் வளைந்து விழும் கர்வ்பாலைப் பார்த்து மகிழ்ந்தவர்களுக்கு 2020 ஜனவரியில் இடி விழுந்தது. கார்டினல்ஸிடம் அவரைக் கொடுத்து, அதிகம் பேர் அறியாத ராண்டி அரோசரேனாவை வாங்கினார்கள். அந்த ஆண்டு பிளேஆஃபில் அரோசரேனா 10 ஹோம் ரன் அடித்தார். ஒரே பிளேஆஃபில் அதுவரை யாரும் அத்தனை அடித்ததில்லை. நாம் மாண்ட்கமரியைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் கார்டினல்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டையும் மெம்ஃபிஸையும் ரேஸின் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எதிரணிப் பையன்களுக்கும் உன் நோட்டில் இடம் விடு.

இந்தப் பையன்களின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு எழுது. 2023இல் இவர்களுடைய தொழிற்சங்கத்தின் முதல் ஒப்பந்தம் வரும்வரை சிங்கிள்-ஏ பையனின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 11,000 டாலர். அந்த ஒப்பந்தம் அதை 26,200 ஆக்கியது, ட்ரிபிள்-ஏயில் 35,800. முன்பெல்லாம் ஒரே அறையில் நான்கைந்து பேர் காற்று மெத்தையில் படுத்து, மறுநாள் ஆடப்போனார்கள். டொமினிகன் நாட்டிலிருந்து 16 வயதில் கையெழுத்துப் போட்டு வருகிறவன், மொழி தெரியாத ஊரில் முட்டைக்கும் ரொட்டிக்கும் கை காட்டிக் கேட்கிறான். கொஞ்சம் ஸ்பானிஷ் படி. ஆட்டம் முடிந்ததும் பேட்டி கேட்டு ஓடாதே. “உன் அம்மா எப்படி இருக்கிறார்?” என்று அவன் மொழியில் கேட்டுப் பார், அவன் முகத்தைப் பார்.

ஒரு பழைய ஆட்டத்தைச் சொல்கிறேன். 1981 ஏப்ரல் 18 இரவு பாட்டக்கெட்டில் தொடங்கிய மைனர் லீக் ஆட்டம், 32 இன்னிங்ஸ் ஆகியும் முடிவு தெரியாமல் ஈஸ்டர் காலை 4:07க்கு நிறுத்தப்பட்டபோது மைதானத்தில் 19 ரசிகர்கள் இருந்தார்கள். ஜூனில் மறுபடி தொடங்கி 18 நிமிடத்தில் முடிந்தது. அந்த ஆட்டத்தில் ஆடிய வேட் பாக்ஸும் கால் ரிப்கனும் பிறகு ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார்கள். 33ஆம் இன்னிங்ஸில் வெற்றி ஹிட்டை அடித்தவர் டேவ் கோசா. அவர் ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடியதில்லை. நீ எழுதப்போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கோசாவின் கூட்டம், தம்பி. அவர்களுக்கு இந்த நான்கு ஊர்தான் மேடை. பட்டியலில் முப்பதாவது பெயருக்குக் கீழே இருப்பவனுக்கும் வாரம் ஒரு பத்தி ஒதுக்கு. ஒருவனை அணி கழற்றிவிட்டால், அன்று அவனைப் பற்றிக் கடைசியாக ஒரு நல்ல பத்தி எழுது. அதை அவன் வீட்டில் வெட்டி வைத்துக்கொள்வார்கள்.

பெரும்பாலான தொடர்கள் செவ்வாய் தொடங்கி ஞாயிறு வரை ஆறு ஆட்டம். திங்கள் ஓய்வு. ஒரு நாளுக்கு ஒரு ஊர் என்று ஓடாமல், ஆறு நாளும் ஒரே இடத்தில் உட்கார். மே மாதத்தில் புல்ஸ் ஊரில் இருக்கும்போது செவ்வாய்க்கிழமையே டர்ஹமுக்கு வந்துவிடு. நம் வீட்டில் தங்கலாம், உன் அக்கா சமைத்துவைப்பாள். வாயில் திறந்ததும் உள்ளே போய்விடலாம். அந்த நேரத்தில் புல்பென் பக்கம் கூட்டம் இருக்காது. அன்று ஆட்டத்தில் இல்லாத பிட்சர்கள் அங்கே வீசிப் பழகுவார்கள். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றால் பந்து கையுறையில் விழும் சத்தம் காதில் அறையும். ஒருவன் ஒரே பந்தை இருபது முறை போடுவான். எந்தப் பந்து என்று எண்ணி எழுதிவை. இரவு ஆட்டத்தில் அதைத் தேடுவோம்.

அன்புடன்,
அண்ணன்
டர்ஹம், வட கரோலினா