அவர் இல்லாத ஒன்பது மாதம்

கேள்வி:

மேடம், எனக்கு 26 வயது. சொந்த ஊர் மதுரை பசுமலை. பி.காம். முடித்துவிட்டு நான்கு வருடம் மதுரையிலேயே ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தேன். கணவர் திருமங்கலத்துக்காரர். அமெரிக்காவுக்கு மேல்படிப்புக்குப் போனவர், 2016-இல் அங்கேயே ராணுவத்தில் சேர்ந்து, குடியுரிமையும் வாங்கிவிட்டார். இப்போது சார்ஜென்ட். கல்யாணமாகி, கிரீன் கார்டு விசா கிடைத்து, நான் டெக்சாஸ் மாநிலம் எல் பாசோவுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. ஃபோர்ட் பிளிஸ் முகாமுக்குள்ளேயே வீடு கொடுத்திருக்கிறார்கள்.

இன்னும் கொஞ்ச நாளில் அவரை ஒன்பது மாதத்துக்கு வேறொரு நாட்டுக்கு அனுப்புகிறார்கள். குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. "தெரியாத ஊர்ல ஒத்தையில என்னடி செய்வ, டிக்கெட்டைப் போட்டுக் கிளம்பி வா" என்று அம்மா போனில் அழுகிறார். அத்தையும் திருமங்கலத்துக்கு வந்து இரு என்கிறார். இவரோ "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார். ஊரில் ஸ்கூட்டியில் திரிந்தவள் நான். இங்கே கார் ஓட்டத் தெரியாது. பேங்க் கணக்கு, கார், வீடு எல்லாமே அவர் பேரில். ஒன்பது மாதமும் பசுமலையில் இருந்துவிட்டு, அவர் வரும்போது நானும் திரும்பி வந்தால் போதாதா?

– வாசகி, எல் பாசோ

பதில்:

ஒன்பது மாதம் வேண்டாம். ஊருக்கு வாருங்கள், ஆனால் ஆறு மாதம் முடியும் முன்பே எல் பாசோவில் இறங்கிவிடுங்கள். என்னைக் கேட்டால் ஏழெட்டு வாரம் போதும்.

உங்கள் கடிதத்தில் அவர் போகும் நாட்டின் பெயரும் கிளம்பும் தேதியும் இருந்தன. இரண்டையும் எடுத்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் சட்டம். கல்யாணமாகி இரண்டு வருடம் முடியாமல் நீங்கள் போயிருப்பதால், உங்கள் கிரீன் கார்டு இரண்டு வருடத்துக்கு மட்டும் செல்லும் நிபந்தனைக் கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் ஐ-751 என்ற விண்ணப்பத்தைக் கணவனும் மனைவியுமாகக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். இது உண்மையான கல்யாணம், சேர்ந்து நடத்தும் குடும்பம் என்று அதில் நிரூபிக்க வேண்டும். இருவர் பேரிலும் உள்ள பேங்க் கணக்கு, சேர்ந்து தாக்கல் செய்த வருமான வரி, இருவர் பெயரும் உள்ள வீட்டுப் பத்திரம் என்று ஆதாரங்களைக் கட்டாக வைக்கச் சொல்வார்கள். உங்களுக்கு அந்த 90 நாள் வரும்போது அவர் திரும்பி வந்திருப்பார். ஆனால் அந்தக் கட்டில் வைக்கவேண்டிய காகிதங்களில் பாதி, அவர் இல்லாத இந்த ஒன்பது மாதத்தில்தான் சேரும். எல்லாம் அவர் பேரில் இருக்க, நீங்கள் பசுமலையில் இருந்தால் கட்டில் வைக்க என்ன மிஞ்சும்?

இன்னொன்று. அமெரிக்கக் குடிமகனின் மனைவி, கிரீன் கார்டு கிடைத்து மூன்று வருடம் அங்கே தொடர்ந்து வசித்தால் குடியுரிமை கேட்கலாம். நடுவில் ஒரே மூச்சாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்ததாக எடுத்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள். ஒரு வருடத்தைத் தாண்டினால் கார்டுக்கே ஆபத்து. ராணுவ ஆணையின்படி கணவரோடு வெளிநாட்டில் குடியிருக்கும் மனைவிக்குச் சலுகை உண்டு. ஆனால் அவர் ஒரு நாட்டிலும் நீங்கள் பசுமலையிலும் இருந்தால் அந்தச் சலுகை உங்களைச் சேராது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். மகள் பாசமில்லாமல் மறுக்கவில்லை, காகிதம் தடுக்கிறது என்பது அவருக்குப் புரியும்.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது "எல்லாமே அவர் பேரில்" என்ற வரி. அவர் மேல் குறை சொல்லவில்லை. ராணுவம் சிப்பாயின் பெயரை வைத்துத்தான் எல்லாவற்றையும் எழுதும். மனைவிக்கு அடையாள அட்டை வேண்டுமென்றால் அவர்தான் டீர்ஸ் பதிவில் உங்களைச் சேர்க்க வேண்டும். வைத்தியம், முகாம் கடை, நுழைவு எல்லாம் அந்தப் பதிவைப் பிடித்துத்தான் வரும். இந்த ஏற்பாடு அவர் வீட்டில் இருக்கிறவரை தொந்தரவு தராது. அவர் கிளம்பிய மறுவாரம் தண்ணீர்க் குழாய் உடைந்தாலும், கார் இன்ஷூரன்ஸ் முடிந்தாலும், அலுவலகத்தில் உங்களிடம் "சிப்பாய் எங்கே?" என்றுதான் கேட்பார்கள்.

ஆகவே அவர் கிளம்புமுன் இருவரும் சேர்ந்து முகாமின் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போங்கள். பவர் பத்திரம் இலவசமாக எழுதித் தருவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பொதுப் பவர் வாங்கிவிட்டால் ஆயிற்று என்று நினைக்காதீர்கள்; பல பேங்குகள் அதை ஏற்பதில்லை. காருக்கு, வீட்டுக்கு, வரிக்கு, பணப் பட்டுவாடாவுக்கு என்று தனித்தனிப் பவர் வாங்குங்கள். அதே அலுவலகத்தில் உயிலும் எழுதலாம். அதோடு, டிடி-93 என்ற அவசரத் தகவல் படிவத்தில் உங்கள் பெயரும், பசுமலை, திருமங்கலம் வீட்டு நம்பர்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவருடைய எஸ்.ஜி.எல்.ஐ. ஆயுள் காப்பீடு 5 லட்சம் டாலர் வரை இருக்கும்; 2023 மார்ச்சில்தான் அந்த உச்சவரம்பை உயர்த்தினார்கள். கல்யாணத்துக்கு முன் சேர்ந்தவர்கள் நாமினியாக அப்பா பெயரை எழுதிவிட்டு மாற்ற மறந்துவிடுவது சகஜம். இதைக் கேட்க நாக்கு கூசும். கிளம்பப் போகிற மனிதரிடம் இதையா பேசுவது, அபசகுனம் என்று தோன்றும். பரவாயில்லை, கேளுங்கள். போர்முனைக்குப் போகிற ஒவ்வொரு சிப்பாயையும் ராணுவமே உட்காரவைத்து இந்தக் காகிதங்களைச் சரிபார்க்கச் சொல்கிறது. அந்த நாளில் நீங்களும் பக்கத்தில் இருங்கள்.

இருவர் பேரில் ஒரு கூட்டுக் கணக்கும், உங்கள் பேரில் மட்டும் ஒரு கணக்கும் திறந்துகொள்ளுங்கள். முகாமுக்குள் இருக்கும் கிரெடிட் யூனியனிலேயே செய்யலாம். எல்.இ.எஸ். என்ற அவருடைய சம்பளச் சீட்டை ஒருநாள் மேஜையில் விரித்து வரிவரியாகப் படியுங்கள். அடிப்படைச் சம்பளம், வீட்டுப்படி, சாப்பாட்டுப்படி, பிடித்தங்கள் எல்லாம் அதில் இருக்கும். 30 நாளுக்கு மேல் குடும்பத்தைப் பிரிந்திருந்தால் ஒரு பிரிவுப்படியும் சேரும். ஆடிட்டர் ஆபீஸில் நான்கு வருடம் வவுச்சர் புரட்டிய உங்களுக்கு அது புரிய அரைமணி நேரம் ஆகாது. இரண்டாம் மாதம் படி ஏறாவிட்டால் அவரைவிட நீங்கள்தான் முதலில் கண்டுபிடிப்பீர்கள்.

இதெல்லாம் உங்கள் ஊருக்குப் புதிதும் அல்ல. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் பட்டாளத்து வீடுகளுக்குக் குறைவில்லை. கணவர் லடாக்கிலோ அஸ்ஸாமிலோ இருக்க, நாற்று நடவு, பிள்ளைகளின் ஃபீஸ், கேன்டீன் கார்டு, மாமனாரின் கண் ஆபரேஷன் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக ஓட்டிய பெண்கள் அந்த ஊர்களில் இருக்கிறார்கள். உங்கள் அத்தைக்கு அப்படி இருவரையாவது தெரியாமல் இருக்காது. போனில் அவர்களிடம் பேசுங்கள். அவர் ஊரில் இல்லாத முதல் மாதம் எப்படிப் போனது, லீவில் வந்து திரும்பும்போது வீடு எப்படி இருந்தது என்று கேளுங்கள். என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

அடுத்தது கார். அவர் கிளம்புவதற்குள் லைசென்ஸ் எடுத்தே தீர வேண்டும். டெக்சாஸில் குடியேறியவர் 90 நாளுக்குள் அந்த மாநில லைசென்ஸுக்கு மாற வேண்டும், அந்தக் கெடு உங்களுக்குத் தாண்டிவிட்டது. 25 வயது முடிந்துவிட்டதால் கட்டாயப் பயிற்சி வகுப்பு உங்களுக்குக் கிடையாது. எழுத்துத் தேர்விலும் ஓட்டும் தேர்விலும் தேற வேண்டும். வலப்பக்கம் ஓட்டுவதற்குக் கை பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். கணவரிடம் கற்றால் சண்டை வரும் என்றால் காசு கொடுத்து டிரைவிங் ஸ்கூலில் சேருங்கள். அந்த ஊரில் கார் ஓட்டத் தெரியாத பெண்ணுக்கு மளிகைக்கடைகூட வெளியூர்தான்.

இப்போது அந்தத் தேதி விஷயம். எந்த நாடு, எந்த நாள், எந்த விமானம் என்பதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். சித்தப்பா பெருமையாக ஃபார்வர்டு செய்வார், அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ராணுவம் இதில் மிகவும் கண்டிப்பு. "வேலை விஷயமாக வெளியே போயிருக்கிறார்" என்பதற்கு மேல் கல்யாண வீட்டிலும் சொல்ல வேண்டாம். திரும்பும் தேதி தெரிந்த பிறகும் அப்படியே. ஆரத்தித் தட்டோடு நிற்கும் போட்டோவை அவர் வீட்டுக்குள் வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.

அதற்குப் பதிலாக இரண்டு வீட்டிலும் ஒரு காகிதம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அவருடைய முழுப்பெயர், ரேங்க், பிறந்த தேதி, யூனிட்டின் பெயர். திருமங்கலத்தில் மாமாவுக்கு ஏதாவது ஆனால், போன் போட்டு அவரைப் பிடிக்க முடியாது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நீங்கள் இந்த விவரத்தைக் கொடுத்தால், அவர்கள் ஆஸ்பத்திரியில் விசாரித்து உறுதிசெய்து அவருடைய கமாண்டருக்குச் செய்தி அனுப்புவார்கள். அவசர லீவு அதைக் கொண்டுதான் முடிவாகும். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், என்ன நம்பர் என்பது இந்தப் பக்கத்திலிருந்து உடனே வரவேண்டும், அதனால்தான் வீட்டார் தயாராக இருக்கவேண்டும் என்கிறேன்.

பொழுது எப்படிப் போகும்? எனக்கு ஆசையான பகுதி இது. பல முகாம்களில் ஒவ்வொரு வருடமும் ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் 15 வரை, வீட்டா என்ற திட்டத்தில் சிப்பாய் குடும்பங்களுக்கு இலவசமாக வரிக் கணக்கு போட்டுக் கொடுப்பார்கள். அதற்குத் தன்னார்வலர்கள் வேண்டும். அமெரிக்க வரித்துறையே பயிற்சி கொடுத்து, பரீட்சை வைத்து, சான்று தரும். நீங்கள் சொன்ன தேதிகளைப் பார்த்தால் அந்தப் பருவம் அவர் இல்லாத காலத்துக்குள் வருகிறது. உங்கள் மூன்று வருட பி.காம்.-ஐ அங்கே நான்கு வருடப் பட்டத்துக்குச் சமமாக ஏற்கத் தயங்குவார்கள், அதில் மனம் உடைய வேண்டாம். அங்கே ஆடிட்டர்கள் வாங்கும் சி.பி.ஏ. லைசென்ஸ் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊர் மாற்றப்படும் ராணுவக் குடும்பத்துக்கு அது பெரிய பாரம். என்ரோல்டு ஏஜென்ட் என்று ஒரு தகுதி இருக்கிறது. வரித்துறை நடத்தும் மூன்று பகுதித் தேர்வு, பட்டம் கேட்பதில்லை, 50 மாநிலத்திலும் செல்லும். உங்களுக்கென்றே வைத்ததுபோல் இருக்கிறது. மைகா என்ற திட்டத்தில் உங்கள் கணவர் ரேங்கில் உள்ளவர்களின் மனைவிக்கு 4,000 டாலர் வரை படிப்பு உதவி உண்டு. இந்தத் தேர்வுக்கான பயிற்சி அதில் வருமா என்று முகாமிலுள்ள ஆர்மி கம்யூனிட்டி சர்வீஸ் அலுவலகத்தில் கேளுங்கள்.

எல் பாசோவில் பெரும்பாலோர் வீட்டில் புழங்குவது ஸ்பானிஷ். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெஸ். கடைக்காரம்மாவிடம் நாலு வார்த்தை ஸ்பானிஷில் பேசிப் பாருங்கள், முகமே மாறும். இதேபோல் எதிர்த்திசையில் வந்த பெண்களும் உண்டு. உங்கள் பசுமலை அடிவாரத்துக்கு 1845-இல் அமெரிக்க மிஷனின் செமினரி வந்தது. அப்போது கணவன்மாரோடு கப்பலேறி வந்த பெண்களுக்கு ஊரிலிருந்து கடிதம் வரவே மாதங்கள் ஆகும். அவர்கள் இங்கே தமிழ் படித்தார்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். உங்களுக்கு வீடியோ கால் இருக்கிறது. குளிர்காலத்தில் எல் பாசோ நேரம் நமக்குப் பன்னிரண்டரை மணி பின்னால். அங்கே இரவு ஏழு என்றால் அம்மா காலை ஏழரைக்கு இட்லிப் பானையை இறக்கிக்கொண்டிருப்பார். தினமும் அந்த நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அரைமணிக்கு மேல் வேண்டாம். நாள் முழுக்க போனில் ஊரில் இருந்துவிட்டால் எல் பாசோ உங்களுக்கு ஒருநாளும் ஊராகாது.

தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், அழுகை நிற்காமல் இரண்டு வாரம் போனால் தனியாகச் சமாளிக்க வேண்டாம். ராணுவக் குடும்பங்களுக்கான மிலிட்டரி ஒன்சோர்ஸ் சேவையில் ஒரு பிரச்சினைக்குப் பன்னிரண்டு முறை வரை இலவச ஆலோசனை உண்டு. கணவரின் வேலைப் பதிவில் அது ஏறாது.

இதைப் படிக்கும் வேறு பெண்களுக்கும் ஒரு வார்த்தை. பாஸ்போர்ட்டையும் கார்டையும் கணவர் பூட்டி வைத்திருந்தால், கை ஓங்கினால், "திருப்பி அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டினால், பயந்து பொறுத்துக்கொள்ள வேண்டாம்; அது பொய் மிரட்டல். கிரீன் கார்டை ரத்து செய்யும் அதிகாரம் கணவருக்குக் கிடையாது. கொடுமைக்கு ஆளான மனைவி ஐ-751-ஐத் தனியாகவே போடலாம். முகாமில் ஃபேமிலி அட்வகசி என்ற பிரிவு இருக்கிறது. கமாண்டருக்குத் தெரியாமல் உதவி கேட்கும் வழியும் அங்கே உண்டு.

ஊருக்கு எப்போது வருவது? ஏப்ரல் 15-க்கு வரிக் கணக்கு வேலை முடிந்ததும் கிளம்பினால், அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரைத் திருவிழாவுக்கு மதுரையில் இருக்கலாம். பசுமலையில் பாதி நாள், திருமங்கலத்தில் பாதி நாள் என்று இப்போதே பிரித்துச் சொல்லிவிடுங்கள், பின்னால் மனத்தாங்கல் வராது. முகாம் வீட்டை அவ்வளவு நாள் பூட்டுவதை ஹவுசிங் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

அவர் திரும்பிய பிறகு இருவருமாக வர நினைத்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: வெளிநாட்டு ராணுவத்தில் இருப்பவருக்கும் இருந்தவருக்கும் இந்தியா ஓ.சி.ஐ. கார்டு தருவதில்லை. நீங்கள் பின்னாளில் அமெரிக்கக் குடியுரிமை எடுத்தால் உங்களுக்கு ஓ.சி.ஐ. கிடைக்கும், அவர் ஒவ்வொரு முறையும் விசா எடுத்துத்தான் திருமங்கலம் வரவேண்டும். யூனிட்டிலும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மச்சினன் கல்யாணத்துக்கு நாலு வாரம் முன்னால் டிக்கெட் தேடினால் நடக்காது.

அம்மா உங்களோடு வந்து இருக்கவும் வழி இருக்கிறது. சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் பார்வையாளர் விசாவுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். நேர்காணல் தேதி கிடைக்கவே நாளாகலாம். கிடைத்தால் பெரும்பாலும் ஆறு மாதம் வரை தங்க அனுமதிப்பார்கள். முகாம் வாசலில் அம்மாவுக்குத் தனி அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். டிரைகேர் என்ற உங்கள் ராணுவ வைத்தியக் காப்பீட்டில் அவர் வரமாட்டார், அதனால் பயணக் காப்பீடு எடுக்காமல் விமானம் ஏற்றாதீர்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு முழு நாளுக்கும் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.