குறையாப் பசி

பாடம் 6 – உரைநடை

நுழையும்முன்

மாணவர்களே! பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நம் குடும்பங்களுக்கு வீட்டுக் கணினி வெறும் கருவி அன்று. தாத்தா பாட்டியின் முகம் தோன்றும் சாளரமும் அதுவே. அந்தச் சாளரம் அடிக்கடி உறைந்து நின்றால், "கணினி பழையதாயிற்று, புதியது வாங்குவோம்" என்று பலரும் முடிவு செய்துவிடுகின்றனர். அம்முடிவுக்கு முன்னர்ச் செய்யவேண்டிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. அதனை இப்பாடத்தில் காண்போம்.

ஞாயிறு மாலை

நாக்பூரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தந்தை இரயில்வே ஊழியர். மகள் எட்டாம் வகுப்பிலும், மகன் நான்காம் வகுப்பிலும் படிக்கின்றனர். ஞாயிறுதோறும் மாலை ஆறு மணிக்குத் திருநெல்வேலியில் இருக்கும் ஆச்சியுடன் காணொளியில் உரையாடுவது அவர்கள் வழக்கம். ஆச்சி கதை சொல்வார், விடுகதை போடுவார். சிறுவன் தொடர்ந்து தமிழ் பேசுவது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

சில வாரங்களாக அவ்வுரையாடல் பாதியிலேயே நின்றுபோயிற்று. ஆச்சியின் முகம் திரையில் உறையும். குரல் விட்டு விட்டு ஒலிக்கும். பின்னர்க் கணினியே அசைவற்றுவிடும். நான்காம் வாரம் ஆச்சி கைப்பேசியில் அழைத்தார். "பிள்ளைகளுக்குப் படிப்பு மிகுதி போலும். இனி மாதம் ஒருமுறை பேசினால் போதும்" என்றார். அவர் குரலில் இருந்த வருத்தத்தை அனைவரும் உணர்ந்தனர்.

"கோடைப் பயணத்துக்கென்று எடுத்து வைத்த பணத்தில் புதிய கணினி வாங்கிவிடுவோம்" என்றார் தந்தை.

"அப்படியானால் இந்த ஆண்டு ஆச்சி வீட்டுக்குப் போகமாட்டோமா, அப்பா?" என்று சிறுவன் கேட்டான். எவரும் விடை கூறவில்லை.

"ஒரு வாரம் பொறுங்கள், அப்பா. காரணம் இன்னதென்று பார்த்துச் சொல்கிறேன்" என்றாள் மகள்.

வாசிப்பு மேசை

அவள் செய்ததை அறியுமுன், கணினியின் நினைவகம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிதல் வேண்டும்.

நம் பள்ளி நூலகத்தை எண்ணிப் பாருங்கள். சுவரோரம் உள்ள அடுக்குகளில் நூல்கள் நிலையாக இருக்கின்றன. கணினியில் அவ்வடுக்குகளைப் போன்றது வன்தட்டு. மின்சாரம் நின்றாலும் அதில் உள்ளவை அழியா. நூலகத்தின் நடுவே வாசிப்பு மேசை இருக்கிறது. படிக்க எடுத்த நூலை அதன்மேல் விரித்து வைக்கிறோம். அம்மேசையைப் போன்றது 'ராம்' எனப்படும் தற்காலிக நினைவகம். கணினியை அணைத்தால் அது வெறுமையாகிவிடும். நம் கதையில் வரும் கணினியின் நினைவகம் 4 ஜிகாபைட், அதாவது 4,096 மெகாபைட்.

மேசையில் இடம் ஒதுக்குபவர் நூலகர். கணினியில் அப்பணியைச் செய்வது இயங்குதளம். ஒவ்வொரு நிரலும் அதனிடம் இடம் கேட்டுப் பெறுகிறது. வேலை முடிந்ததும் திருப்பித் தருகிறது.

மேசை நிறைந்துவிட்டால் நூலகர் சில நூல்களை எடுத்துப் பின்னறையில் வைப்பார். கேட்கும்போது நடந்து சென்று எடுத்துவருவார். இயங்குதளமும் நினைவகத்தில் உள்ளவற்றில் ஒரு பகுதியை வன்தட்டுக்கு மாற்றி, வேண்டும்போது மீட்டெடுக்கிறது. வன்தட்டின் விரைவு நினைவகத்தின் விரைவைவிட மிகக் குறைவு. ஆகவே, இந்த நடை மிகும்போது கணினி தளர்ந்து நிற்கிறது.

மேசை நிறைந்திருப்பது எப்போதும் குறையன்று. அடிக்கடி கேட்கப்படும் நூல்களை நூலகர் காலியிடத்தில் முன்கூட்டியே வைத்திருப்பார். வேறொருவர் வந்தால் உடனே எடுத்துவிடுவார். இயங்குதளமும் அவ்வாறே செய்கிறது. எனவே, 'நினைவகம் மிகுதியாகப் பயன்படுகிறது' என்பதை மட்டும் கண்டு அஞ்சவேண்டா.

கசிவு

நாள்தோறும் ஒரு நூலை எடுத்து மேசையில் வைக்கும் வாசகர் ஒருவர், அதனை மறந்து மறுநாள் வேறொன்றை எடுக்கிறார். முந்தைய நூலை அவர் படிப்பதுமில்லை, திருப்பித் தருவதுமில்லை. சிறுகச் சிறுக மேசை முழுவதும் அவர் வைத்த நூல்களே நிறைந்துவிடும். கணினி நிரல் இவ்வாறு நடந்துகொள்வதே நினைவகக் கசிவு. பெற்ற இடத்தை விடுவிக்கும் கட்டளையை நிரலர் எழுத மறந்திருக்கலாம். இனித் தேவைப்படாத தரவை நிரல் விடாமல் பற்றிக்கொண்டிருக்கலாம். அந்நிரலின் பசி உண்ண உண்ண வளரும் குறையாப் பசி.

ஆனால், அவ்வாசகர் நூலகத்தை விட்டு வெளியேறினால் அவர் பிடித்த இடம் முழுவதையும் நூலகர் மீட்டுக்கொள்வார். கசியும் நிரலை மூடினால் அதன் இடத்தை இயங்குதளம் மீட்டுக்கொள்வதும் இவ்வாறே.

ஆராய்ந்த முறை

மகள் முதலில் இணைய இணைப்பை ஐயுற்றாள். அதே இணைப்பில் கைப்பேசி வழியே தோழியுடன் ஒரு மணி நேரம் காணொளியில் பேசினாள். தடை ஏதும் இல்லை. ஓர் ஐயம் நீங்கிற்று.

அடுத்த ஞாயிறு பிற்பகல், கணினியை 'ரீஸ்டார்ட்' செய்தாள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினாள். விண்டோஸ் கணினியில் 'டாஸ்க் மேனேஜர்' என்னும் கண்காணிப்புப் பலகையைத் திறக்கும் வழி அது. அதில் 'மெமரி' என்ற தலைப்பைச் சொடுக்கியதும், மிகுதியாக நினைவகம் கொண்ட நிரல்கள் மேலே வந்தன. முதலிடத்தில் உலாவி இருந்தது.

"அதுதான் திருடன், அக்கா! அதை மூடிவிடு" என்றான் தம்பி.

"பொறு. ஒருமுறை பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது" என்று கூறி, அவள் மணிக்கு ஒருமுறை இரு நிரல்களின் அளவைக் குறித்தாள். ஒன்று உலாவி, மற்றொன்று, அச்சுப்பொறியுடன் வந்து பின்னணியில் ஓயாது இயங்கும் சிறு துணைநிரல்.

| நேரம் | உலாவி (மெகாபைட்) | துணைநிரல் (மெகாபைட்) |
|---|---|---|
| 2.00 | 900 | 60 |
| 3.00 | 1,600 | 390 |
| 4.00 | 1,000 | 720 |
| 5.00 | 1,100 | 1,050 |
| 6.00 | 1,200 | 1,380 |

மூன்றரை மணிக்கு உலாவியின் தாவல்கள் பலவற்றை அவள் மூடினாள். உலாவியின் அளவு குறைந்தது. துணைநிரலோ, அன்று எவரும் எதையும் அச்சிடாதபோதும், மணிக்கு 330 மெகாபைட் வீதம் ஏறிக்கொண்டே சென்றது. ஆச்சி பேசும் ஆறு மணிக்கு அது உலாவியையே விஞ்சிவிட்டது. நினைவகமும் ஏறத்தாழ நிறைந்துவிட்டது.

"நான் சொன்னது தவறா, அக்கா?"

"உலாவி பெரிதாக இருந்தது, ஆயினும் வாங்கியதைத் திருப்பித் தந்தது. இது சிறிதாக இருந்தது. ஆனால் ஒருபோதும் குறையவில்லை."

தீர்த்த முறை

துணைநிரலைத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்' என்பதை அழுத்தினாள். அந்நொடியே 1,300 மெகாபைட்டுக்கு மேல் மீண்டது. அச்சுப்பொறி முன்போல் இயங்குகிறதா என்று ஒரு தாளை அச்சிட்டுப் பார்த்தாள், இயங்கிற்று. தந்தையின் துணையுடன் அந்நிரலின் புதிய பதிப்பைத் தேடினாள், கிடைக்கவில்லை. ஆகவே, டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பகுதிக்குச் சென்று, கணினி தொடங்கும்போது அந்நிரல் தானே இயங்காதவாறு தடுத்தாள். வேறெதையும் அன்று மாற்றவில்லை. ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றினால், எது பயன் தந்தது என்று தெரியாமற்போகும் அல்லவா?

நோய், அதன் காரணம், அதனைத் தணிக்கும் வழி ஆகியவற்றை முறையே ஆராய்ந்து செயற்படுமாறு திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் அறிவுறுத்துகிறது. அவள் சென்ற வழியும் அதுவே.

நினைவில் கொள்க

1. பெயர் தெரியாத நிரலைக் கண்டவுடன் நிறுத்தாதீர்கள். அது இயங்குதளத்தின் உறுப்பாகவும் இருக்கலாம். பெரியவரிடமோ கணினி ஆசிரியரிடமோ கேட்டறியுங்கள். ஐயத்துக்குரியதாயின் நச்சுநிரல் சோதனை செய்யுங்கள்.

2. உலாவி மட்டுமே மிகுதியாக உண்கிறது எனில், தேவையற்ற தாவல்களையும் நீட்சிகளையும் நீக்குங்கள். குரோம் உலாவியில் ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை அழுத்தினால், ஒவ்வொரு தாவலும் நீட்சியும் கொள்ளும் அளவு தனித்தனியே தெரியும்.

3. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி செயலில் இருந்தால், 'ஷட் டவுன்' செய்யும்போது இயங்குதளத்தின் உட்பகுதி வன்தட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அவ்வாறே மீண்டும் ஏற்றப்படும். முழுமையாகப் புதிதாகத் தொடங்க 'ரீஸ்டார்ட்' செய்தல் வேண்டும்.

4. கசிவு இருக்கும்போது கூடுதல் நினைவகம் வாங்கினால் துன்பம் தள்ளிப்போகுமேயன்றித் தீராது. எந்த நிரலும் கசியவில்லை. நம் அன்றாட வேலைக்கே இடம் போதவில்லை எனில், நினைவகத்தைக் கூட்டுவது தக்கது.

தெரிந்து தெளிவோம்

கசிவு எப்போதும் சிறு தொல்லையாக முடிவதில்லை. 1992ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் அவசர ஊர்தி சேவை, ஊர்திகளை அனுப்பும் பணிக்குப் புதிய கணினி அமைப்பை ஏற்றது. அவ்வாண்டு நவம்பர் 4 அன்று அது முற்றிலும் செயலிழந்தது. சுமார் மூன்று வாரங்களுக்கு முன்னர் நிரலர் ஒருவர் தவறுதலாக விட்டுவைத்த நிரல்பகுதியே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. ஒவ்வொரு முறை ஊர்தி அனுப்பப்பட்டபோதும் சிறிதளவு நினைவகம் எடுக்கப்பட்டது, விடுவிக்கப்படவில்லை. சிறு துளிகள் சேர்ந்து ஒரு மாநகரின் உயிர்காக்கும் பணியையே தடுத்துவிட்டன.

மீண்டும் ஞாயிறு

அடுத்த வாரம் உரையாடல் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தடையின்றி நடந்தது. "என்ன செய்தீர்கள்?" என்று ஆச்சி கேட்டார். சிறுவன் முந்திக்கொண்டு, "ஒருவன் கடன் வாங்கிக்கொண்டே இருந்தான், ஆச்சி, திருப்பித் தரவே இல்லை. அக்கா அவனை வெளியே அனுப்பிவிட்டாள்" என்றான். ஆச்சி சிரித்தார். "சரி, கோடைக்கு எந்த நாள் வருகிறீர்கள்?" என்று வினவினார். தந்தை பயணச்சீட்டின் நாளைச் சொன்னார்.

சொல்லும் பொருளும்

நிரல் – கணினிக்கான கட்டளைத் தொகுப்பு
நிரலர் – நிரல் எழுதுபவர்
உலாவி – இணையப் பக்கங்களைக் காட்டும் நிரல்
தாவல் – உலாவியில் ஒரு பக்கம் திறக்கும் தனியிடம், டேப்
நீட்சி – உலாவியுடன் இணைக்கும் கூடுதல் நிரல்
ஐயுற்றாள் – சந்தேகம் கொண்டாள்
விஞ்சிவிட்டது – மிஞ்சிவிட்டது

இலக்கணக் குறிப்பு

குறையாப் பசி – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
சிறுகச் சிறுக – அடுக்குத்தொடர்
வன்தட்டு – பண்புத்தொகை
கசிவு – தொழிற்பெயர்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. 4 ஜிகாபைட் என்பது ______ மெகாபைட்.
2. நிரல்களுக்கு நினைவகத்தில் இடம் ஒதுக்குவது ______.
3. நூலகத்தின் அடுக்குகளுக்கு ஒப்பாகக் கூறப்படுவது ______.

ஆ. பிரித்து எழுதுக.
1. நினைவகம் 2. அம்முடிவு 3. இவ்வாறே

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. நினைவகக் கசிவு என்றால் என்ன?
2. இணைய இணைப்பில் குறை இல்லை என்பதை மகள் எவ்வாறு அறிந்தாள்?
3. ஒரே நேரத்தில் பல மாற்றங்களைச் செய்யலாகாது. ஏன்?

ஈ. அட்டவணையைப் பார்த்து விடை எழுதுக.
1. துணைநிரலை நிறுத்தாமல் விட்டிருந்தால், அதே வீதத்தில் இரவு 8 மணிக்கு அது எவ்வளவு நினைவகம் கொண்டிருக்கும்?
2. உலாவியைக் 'கசியும் நிரல்' என்று கூற முடியாது. அட்டவணையிலிருந்து சான்று காட்டுக.

உ. விரிவாக எழுதுக.
'பெரிதாக இருப்பதைவிடக் குறையாதிருப்பதையே ஐயுறுதல் வேண்டும்.' இக்கருத்தைப் பாடத்தின் துணைகொண்டு விளக்குக.

ஊ. செயல்திட்டம்
1. பெற்றோர் துணையுடன் உங்கள் வீட்டுக் கணினியில் மூன்று நிரல்களின் நினைவக அளவை மணிக்கு ஒருமுறை நான்கு மணி நேரம் குறித்து, அட்டவணையாக எழுதி வருக.
2. நோயின் காரணத்தை ஆராயச் சொல்லும் குறளை 'மருந்து' அதிகாரத்தில் தேடி எழுதி, வகுப்பில் பொருள் கூறுக.
3. உங்கள் வீட்டுக் கணினியைப் பற்றி, ஊரில் இருக்கும் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ புரியும் எளிய தமிழில் பத்து வரிக் கடிதம் எழுதுக.