ஆடியில் படி, ஐப்பசியில் அச்சடி

2025 அக்டோபர் இறுதியில் கேன்வா நிறுவனம் அஃபினிட்டி மென்பொருளை இலவசமாக்கியது. கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா துணிக்கடைகளுக்குப் பேனர், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் கல்யாண கார்டு என்று தனியாளாகத் தொழில் செய்யும் வடிவமைப்பாளர்களுக்குக் கை துறுதுறுத்திருக்கும். அடோபிக்கு மாதாமாதம் கட்டும் சந்தா மிச்சமாகுமே! ஆகலாம். ஆனால் இந்தக் கணக்கில் சந்தா சின்னத் தொகை. பெரியது உங்கள் நேரம்.

முதலில் அதற்கு விலை போடுங்கள். மாதம் 4,000 ரிங்கிட் வருமானம், கூலி கிடைக்கும் வேலை நேரம் 100 மணி என்று வைத்துக்கொள்வோம். (“எழுத்த இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க தம்பி” என்று வாட்ஸ்அப்பில் கரையும் நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை, அதைச் சேர்க்காதீர்கள்.) மணிக்கு 40 ரிங்கிட். புதிய மென்பொருளில் கை பழக 30 மணி பிடித்தால் செலவு 1,200 ரிங்கிட். வேலைக்கு 20 நிமிடம் மிச்சம், மாதம் 12 வேலை என்றால், மாதத்துக்கு 4 மணி, அதாவது 160 ரிங்கிட் திரும்பி வரும். போட்டதை எடுக்க ஏழரை மாதம். இது நல்ல பேரம். அதே மென்பொருள் தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதப் பேனர் வேலைக்கு மட்டும்தான் என்றால் ஏழரை வருடம், சனி பகவான் கணக்கு.

தமிழில் வேலை செய்பவருக்கு இதற்கும் முன்னால் ஒரு சோதனை இருக்கிறது. யூனிகோடில் ‘கெ’ எழுதும்போது ககரம் முதலில் பதிவாகும், கொம்பு பிறகுதான் வரும். அதை இழுத்து முன்னால் நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. அது தெரியாத மென்பொருளில் கொம்பு தனியே அலையும், புள்ளி வட்டம் முளைக்கும். எனவே 30 மணி செலவிடுமுன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ‘ஸ்ரீ’, ‘கோலாலம்பூர்’, ‘சௌந்தர்யா’ மூன்றையும் தட்டுங்கள். பிடிஎஃப் ஆக்குங்கள். கர்வ் ஆக்கி, நீங்கள் வழக்கமாகக் கொடுக்கும் அச்சகத்தின் கணினியில் திறந்து பாருங்கள். நம்மூர்ப் பேனரில் மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒன்றாக நிற்கும் என்பதால் மூன்றையும் ஒரே வரியில் கலந்தும் பார்த்துவிடுங்கள். இதில் தோற்றால் கதை முடிந்தது. எத்தனை யூடியூப் பாடம் பார்த்தும் பயனில்லை.

இன்னொன்று. பல நேரம் மாற்ற வேண்டியது மென்பொருளே அல்ல. பழைய ஃபோட்டோஷாப் பதிப்பில் தமிழ் உடைகிறது என்று புலம்புகிறவர்கள் எழுத்து அமைப்புகளில் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’டைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தார்களா? இன்டிசைனிலும் ‘வேர்ல்ட்-ரெடி’ பத்தி அமைப்பு உண்டு. ஐந்து நிமிட வேலை.

பழைய கோப்புகளை மறக்காதீர்கள். “போன வருஷ டிசைன்தான் அண்ணே, தேதிய மட்டும் மாத்திக் குடுங்க” என்று வருபவர்தான் நமக்கு லாபமான வாடிக்கையாளர். அந்தக் கோப்பு யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்தால், புதிய மென்பொருளில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குவியல் தெரியக்கூடும். மீண்டும் தட்டச்சு செய்யும் நேரமும் கற்கும் செலவில்தான் சேரும். அடோபி 2004-ல் பேஜ்மேக்கர் மேம்பாட்டை நிறுத்திய பிறகும் பலர் அதை விடாததைச் சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன்.

எப்போது கற்பது? ஆடியில். ஜூலை நடு முதல் ஆகஸ்ட் நடு வரை இந்துக் கல்யாண கார்டுகள் குறையும். (நிக்காஹ் கார்டு ஆடி பார்க்காது, அந்த வருமானம் ஓடட்டும்.) நோன்புப் பெருநாள் வேலையும் ஆடியில் குறுக்கிடாது: அது ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னகர்வதால், 2026-ல் மார்ச் மாதத்தில்தான். தீபாவளி நெருங்கும்போது மட்டும் எதையும் புதிதாகத் தொடாதீர்கள்.

யாராவது அசையும் வாட்ஸ்அப் அழைப்பிதழ் கேட்டால் உடனே ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் படிக்க உட்காராதீர்கள். தெரிந்தவரிடம் கொடுத்து வாங்கி, உங்கள் பங்கை வைத்துக்கொண்டு விற்றுவிடுங்கள். மூன்றாவது, நான்காவது ஆர்டர் தானாக வந்தால் அப்போது கணக்குப் போடலாம். கடைசியாக ஒன்று: முன்பணம் வாங்கிய வேலையைப் புதிய மென்பொருளில் தொடங்கினால், பழையதில் ஒரு பிரதி தயாராக இருக்கட்டும்.