பசியின் மொழி

நுழையும் முன்

உணவின்றி உயிர் வாழ்தல் இல்லை. எனினும், உண்பதற்கே அஞ்சும் நிலை இன்று இளையோர் சிலரிடம் காணப்படுகிறது. உணவைக் குற்றமாகக் கருதாமல், பசியறிந்தும் மனம் மகிழ்ந்தும் உண்ணும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

திறக்கப்படாத உணவுப்பெட்டி

தசரா விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் அது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் என் வகுப்பு மாணவி ஒருத்தி தலைசுற்றிக் கீழே அமர்ந்துவிட்டாள். அவளை நிழலில் இருத்தித் தண்ணீர் கொடுத்து, "காலையில் என்ன சாப்பிட்டாய், அம்மா?" என்று வினவினேன். அவள் தலைகுனிந்தாள். அருகிலிருந்த தோழி, "விடுமுறைக்கு முன்பிருந்தே இவள் உணவுப்பெட்டியைச் சரியாகத் திறப்பதில்லை, டீச்சர்" என்றாள்.

சற்று நேரம் கழித்து அவளே பேசினாள். திருமண வீடு ஒன்றில் உறவினர் ஒருவர், "நன்றாகச் சதை போட்டுவிட்டாயே!" என்று சிரித்தாராம். அன்றே சோற்றையும் இனிப்பையும் விட்டுவிட வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். முதல்நாள் மாலை பக்கத்து வீட்டில் கொடுத்த மைசூர்பாகில் இரண்டு துண்டுகள் தின்றுவிட்டாள். அதற்குத் தண்டனையாக இரவு உணவையும் காலை உணவையும் தவிர்த்திருந்தாள். "தப்புப் பண்ணிவிட்டேன், டீச்சர்" என்று அழுதாள்.

அவள் அழுதது என்னை வருத்தியது. மைசூர்பாகு என்பது கடலைமாவும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்த ஒரு பண்டம். நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், அரண்மனைச் சமையற்கலைஞர் காகாசுர மாதப்பா அதனை முதன்முதலில் செய்தார் என்பர். மன்னரை மகிழ்விக்கச் செய்த இனிப்பு, ஒரு சிறுமிக்குக் குற்றவுணர்வைத் தந்தது ஏன்?

பசி போக்கப் பிறந்த நிறுவனம்

இதே மைசூருவில், அரச குடும்பத்து இளவரசிக்காகக் கட்டப்பட்ட செலுவாம்பா மாளிகையில், 1950ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பெற்றது. அதன் முதல் இயக்குநர் வி. சுப்ரமணியன். அக்காலத்தில் நாட்டில் உணவுப் பற்றாக்குறை மிகுந்திருந்தது. எண்ணெய் எடுத்த நிலக்கடலை மாவுடன் வறுத்த கடலைமாவைக் கலந்து, உயிர்ச்சத்துகள் சேர்த்து, ஏழை மக்களுக்கு ஏற்ற சத்துணவை இந்நிறுவனம் உருவாக்கியது. எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையையும் கண்டறிந்தது.

உணவு கிடைக்கவில்லையே என்பது அன்றைய கவலை. அக்கவலை இன்றும் பல வீடுகளில் நீங்கவில்லை. ஆனால், கையில் உணவிருந்தும் உண்ண அஞ்சுவது வேறொரு துன்பம். 'டயட்' என்னும் பெயரில் மருத்துவர் அறிவுரையின்றித் தாமே பட்டினி கிடப்போர் இத்துன்பத்துக்கு ஆளாகின்றனர்.

ஓர் ஆய்வு கூறும் உண்மை

உணவைக் குறைத்தால் மனம் என்னவாகும்? இரண்டாம் உலகப்போரின் இறுதியில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிவியலறிஞர் இதனை ஆராய்ந்தார். 1944ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கிய அவ்வாய்வில், உடல்நலம் மிக்க இளைஞர் 36 பேர் தாமாக முன்வந்து பங்கேற்றனர். அவர்களுக்கு ஆறு மாதங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி உணவே வழங்கப்பட்டது. அது அவர்கள் வழக்கமாக உண்டதில் பாதியளவே.

உடல் மெலிந்ததோடு துன்பம் நிற்கவில்லை. அவ்விளைஞர்கள் எளிதில் சினந்தனர், சோர்ந்தனர், நண்பர்களிடமிருந்து விலகினர். அவர்களுக்கு எந்நேரமும் உணவைப் பற்றியே எண்ணம். சமையல் நூல்களைத் தேடித்தேடிப் படித்தவர்களும் உண்டு. ஆய்வு முடிந்தபின் சிலர் வயிறு புடைக்க உண்டும் நிறைவு பெறவில்லை. அவர்கள் மனவுறுதி அற்றவர்கள் அல்லர். பட்டினி கிடந்த உடல் தன்னைக் காத்துக்கொள்ள முயன்றது, அவ்வளவே.

இதனை என் மாணவிக்கு எடுத்துச் சொன்னேன். "அப்படியானால், படிக்கும்போதெல்லாம் எனக்குச் சோற்று நினைவு வந்ததும் இதனால்தானா, டீச்சர்?" என்று கேட்டாள். "ஆம், அம்மா. அது உன் குற்றமன்று, உன் உடல் உன்னைக் கூப்பிட்டது" என்றேன்.

உடல் பேசும் மொழி

வயிறு வெறுமையாகும்போது 'கிரெலின்' என்னும் இயக்குநீர் சுரந்து, பசி என்னும் செய்தியை மூளைக்கு அனுப்புகிறது. உண்ட நிறைவை மூளை உணர ஏறத்தாழ இருபது நிமிடங்கள் ஆகும். ஆகவே, விரைந்து விழுங்குவோர் நிறைவை அறியுமுன்னே மிகுதியாக உண்டுவிடுகின்றனர். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று நம் முன்னோர் கூறியது இதனால்தான் போலும்.

திருவள்ளுவர் உணவைப் பற்றிய அறிவுரைகளை 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வைத்தார். முன் உண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்தபின், அளவோடு உண்ண வேண்டும் என்பது அவர் கருத்து. பட்டினி கிடக்குமாறு அவர் கூறவில்லை. பசியைக் கவனிக்குமாறு கூறினார்.

சில வேளைகளில் பசியின்றியும் உண்ணத் தோன்றும். தேர்வு அச்சம், தனிமை, சலிப்பு ஆகியவை பசிபோல் வேடமிட்டு வரும். அவ்வேளையில், 'இது வயிற்றின் பசியா, மனத்தின் வாட்டமா?' என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். மன வாட்டத்துக்கு நண்பரிடம் பேசுவது நல்ல துணை.

இலை கற்பிக்கும் பாடம்

விருந்து இலையை நினைத்துப் பாருங்கள். ஓரத்தில் உப்பும் ஊறுகாயும் சிறிதளவு, காய்கறிகள் கைப்பிடியளவு, நடுவே சோறு, தொடக்கத்திலேயே ஒரு துளி இனிப்பு. எப்பண்டத்தையும் நம்மவர் இலையிலிருந்து விலக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் உரிய அளவைத் தந்தனர். மைசூரு வட்டார மக்கள் விரும்பி உண்ணும் ராகி முத்தே, நம் கேழ்வரகுக் களியே ஆகும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட சுண்ணாம்புச்சத்து உண்டு. அது எலும்பை வலுவாக்கும். களியை நாள்தோறும் உண்பவரும் தசராவன்று மைசூர்பாகு தின்று மகிழலாம்.

வளரும் பருவத்தில் உயரமும் எடையும் கூடுவது இயல்பு. ஒருவரது உடலைச் சுட்டிக்காட்டி நகைப்பது நாகரிகமன்று. உடல்நலம் பற்றிய ஐயம் எழுந்தால் பெற்றோரிடமும் மருத்துவரிடமும் கேட்க வேண்டும். நீரிழிவு முதலிய நோயுடையோர் மருத்துவர் கூறும் உணவு முறையைத் தவறாது கடைப்பிடிக்க வேண்டும்.

அன்று மாலை என் மாணவியின் பெற்றோரை அழைத்துப் பேசினேன். அவர்கள் அவளை மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். அச்சம் ஒரே நாளில் நீங்கவில்லை. சில வாரங்களுக்குப் பின், நண்பகல் இடைவேளையில் அவள் வகுப்பைக் கடந்து சென்றேன். என்னைக் கண்டதும் அவள் புன்னகையோடு, இவ்வூர் வழக்கப்படி, "ஊட்டா ஆய்த்தா, டீச்சர்?" என்று கேட்டாள். "இனிமேல்தான், அம்மா" என்றேன். அவள் முன்னே உணவுப்பெட்டி திறந்திருந்தது.

சொல்லும் பொருளும்

வினவினேன் – கேட்டேன்
இயக்குநீர் – உடலுறுப்புகளை இயக்கும் சுரப்பு
நிறைவு – போதும் என்னும் உணர்வு
வாட்டம் – சோர்வு
ஊட்டா ஆய்த்தா? – 'சாப்பாடு ஆயிற்றா?' (கன்னடம்)

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. மைசூருவில் உணவு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பெற்ற ஆண்டு ______.
2. பசியை மூளைக்கு உணர்த்தும் இயக்குநீர் ______.

ஆ. உரிய மரபுச்சொல்லை எழுதுக. (உண்டாள், தின்றாள், பருகினாள்)
1. மாணவி பால் ______.
2. மாணவி சோறு ______.
3. மாணவி முறுக்குத் ______.

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மாணவி தலைசுற்றி அமர்ந்தது ஏன்?
2. விரைந்து உண்பவர் மிகுதியாக உண்பதற்குக் காரணம் யாது?

ஈ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. மினசோட்டா ஆய்வில் பங்கேற்ற இளைஞர்களிடம் காணப்பட்ட மாற்றங்களை விளக்குக.
2. விருந்து இலை நமக்குக் கற்பிப்பது யாது?

உ. செயல்பாடு
உங்கள் வீட்டுப் பெரியவரிடம், அவர் இளமையில் விரும்பி உண்ட உணவு ஒன்றைப் பற்றிக் கேட்டறிக. அதன் தமிழ்ப் பெயரையும் கன்னடப் பெயரையும் செய்முறையையும் எழுதி வந்து வகுப்பில் படித்துக் காட்டுக.