விலை ஏறும்போது கடைக்காரர், விலை இறங்கும்போது கடைக்காரர்

 

2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் கொழும்பில் 1,493 ரூபா. 2022 ஏப்ரல் கடைசியில் அதே சிலிண்டர் 4,860 ரூபா. ஏழு மாதம்கூட ஆகவில்லை. அந்த நாட்களில் நம்மில் பலர் சொன்னது ஒன்றுதான்: "கடைக்காரன் கொள்ளையடிக்கிறான்." அது சரிதானா? ஒருவர் மீது பழி போடுமுன் விசாரிப்பது நம் மீது கடமை.

நம் வீட்டுக் காலைச் சாப்பாட்டையே பாருங்கள். பால்மா நியூசிலாந்திலிருந்து வருகிறது. பருப்பு கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும். பாண் சுடும் மாவுக்கான கோதுமை நம் மண்ணில் விளைவதில்லை. சீனியில் பெரும்பகுதி கப்பலில் வருவது. நாம் ரூபா கொடுக்கிறோம். இறக்குமதி செய்பவர் டொலர் கொடுக்கிறார். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டபோது 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐ எட்டியது. கப்பல் கூலியும் துறைமுகக் கட்டணமும் வரியும் அதற்கு மேல். ஆகவே அந்த விலையில் பெரும்பகுதி தெருமுனைக் கடையில் உண்டானதல்ல.

வெளியிலிருந்து வரும் உணவை நம்பி வாழ்வது புதிய விஷயமும் அல்ல. மக்கா ஒரு தீவு இல்லைதான்; ஆனாலும் பயிர் விளையாத பள்ளத்தாக்கு. இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் துஆவில் அல்லாஹ்விடம் அதைச் சொன்னார்கள். குளிர்காலத்தில் ஒரு பயணம், கோடையில் ஒரு பயணம் என்று வியாபாரக் கூட்டங்கள் போய்வந்ததால்தான் குறைஷியர் வாழ்ந்தார்கள். பசிக்கு உணவளித்தவன் யார் என்பதை அல்லாஹ் குறைஷ் ஸூராவில் அவர்களுக்கு நினைவூட்டுகிறான்.

மக்காவுக்குக் கோதுமை வந்தது யமாமாவிலிருந்து. அதன் தலைவர் ஸுமாமா இப்னு உஸால் (ரழி) இஸ்லாத்தை ஏற்றபின் உம்ராவுக்குப் போனார். குறைஷியர் அவரைப் பழித்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கும்வரை யமாமாவிலிருந்து ஒரு மணி கோதுமையும் உங்களுக்கு வராது என்று அவர் சொல்லிவிட்டார். மக்கா பசியில் தவித்தது. கடைசியில் குறைஷியர் நபியவர்களுக்கே கடிதம் எழுதினார்கள். தம்மை ஊரைவிட்டே விரட்டிய மக்கள் அவர்கள். ஆனாலும், தடையை நீக்குமாறு நபியவர்கள் ஸுமாமாவுக்கு எழுதினார்கள். எதிரியின் வயிற்றில்கூட அவர்கள் கை வைக்கவில்லை.

மதீனாவிலும் ஒரு தடவை விலை ஏறியது. விலையை நிர்ணயித்துத் தாருங்கள் என்று மக்கள் கேட்டார்கள். நபியவர்கள் மறுத்தார்கள். விலைகள் அல்லாஹ்வின் கையில் உள்ளன என்றும், எவருடைய பொருளிலும் அநீதி செய்த நிலையில் தாம் அல்லாஹ்வைச் சந்திக்க விரும்பவில்லை என்றும் சொன்னார்கள். அனஸ் (ரழி) அறிவிக்கும் செய்தி இது. ஆனால் அதே நபியவர்கள்தான் பதுக்குபவன் பாவி என்றார்கள். சந்தைக்கு வருமுன் வழியிலேயே வியாபாரக் கூட்டத்தை மடக்கிச் சரக்கை வாங்குவதையும் தடுத்தார்கள். விலை தானாக ஏறுவது ஒன்று, ஏற வைப்பது இன்னொன்று. வியாபாரிகளே ஏற வைத்தால் ஆட்சியாளர் விலை நிர்ணயிக்கலாம் என்று இப்னு தைமிய்யா போன்ற அறிஞர்கள் சொன்னதும் இதனால்தான்.

இப்போது நம் கடைகளுக்கு வருவோம். பால்மாவுக்கு வரிசை நின்ற காலத்தில், வேறு சாமான் வாங்கினால்தான் ஒரு பைக்கற் என்று சில கடைகளில் சொன்னார்கள். தேவைப்பட்டவனின் கையை முறுக்கும் வேலை அது. அதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை.

விளக்கம் தேவைப்படுவது வேறொரு கேள்விக்கு. "பழைய விலைக்கு வாங்கிய சரக்கைப் புதிய விலைக்கு விற்கலாமா?" என்று கடை வைத்திருக்கும் சகோதரர்கள் கேட்கிறார்கள். சரக்கு தட்டில் எல்லோர் கண்ணுக்கும் தெரிய இருக்கிறது, சந்தை விலைக்கு விற்கிறீர்கள், பொய் சொல்லவில்லை என்றால் அதைப் பதுக்கல் என்று சொல்ல முடியாது. விற்ற காசில்தான் நாளைய சரக்கை எடுக்க வேண்டும். அந்த நியாயம் எனக்கும் விளங்குகிறது. தட்டு காலியாகவும் பின்னறை நிறைந்தும் இருந்தால் அது வேறு கதை.

ஆனால் அந்த நியாயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2023 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி ஓரளவு ஏறியது. அப்போது அதே கடையில், "இது பழைய சரக்கு, கூடின விலைக்கு எடுத்தது" என்ற பதில் வந்தது. ஏறும்போது புதிய விலை, இறங்கும்போது பழைய விலை! அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களைப் பற்றி முதஃப்பிஃபீன் ஸூரா எச்சரிக்கிறது. அங்கே சொல்லப்படுவது தராசு. இந்த இரண்டு கணக்கும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை என்றே நான் நினைக்கிறேன். முதலாளிமாரே, ஏதாவது ஒரு கணக்கை எடுங்கள். ஏறும்போது எடுத்த கணக்கே இறங்கும்போதும் இருக்கட்டும்.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாளை விலை ஏறும் என்று கேள்விப்பட்டதும் பத்துக் கிலோ சீனி தூக்கிப் போகிறோமே, நமக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் கூலித் தொழிலாளியிடம் ஒரு கிலோவுக்குத்தான் காசு இருக்கிறது. அவர் கடைக்குள் வரும்போது தட்டில் ஏதாவது மிஞ்சியிருக்குமா?