கதை வரலைன்னு மூக்கைச் சிந்தாதே!

“எழுத ஆசையா இருக்குக்கா, கருதான் சிக்க மாட்டேங்குது” என்று புலம்பும் தங்கச்சி, முதலில் அந்த மேகமலை ரூம் புக்கிங்கை கேன்சல் பண்ணு. பனியைப் பார்த்தால் கதை வராது, ஜலதோஷம்தான் வரும். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்துவிட்டு கரு இல்லை என்கிறாயே, உன்னை என்ன சொல்ல? வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் உனக்கு நேரம் கிடையாது என்று தெரியும். அதனால் குறுக்குவழியாகவே சொல்கிறேன்.

1. பிழைப்பைக் கேவலமாக நினைக்காதே. அல்லிநகரத்து ம.காமுத்துரை வாடகைப் பாத்திரக் கடை நடத்தியவர். அண்டாவும் கரண்டியுமாகத் திரிகிற சமையல்காரர்களின் உலகம்தான் அவருடைய ‘குதிப்பி’ நாவல். நீ டெய்லரா? பிளவுஸ் சரியில்லை என்று கத்துகிறவள், வீட்டில் யாரிடம் கத்த முடியாமல் உன்னிடம் வந்து கத்துகிறாள் என்று யோசி. பாதிக் கதை அங்கேயே இருக்கிறது.

2. விடிகாலை ஜீப்பைக் கவனி. போடி, தேவாரம், கம்பத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறுகிற பெண்கள் பேசாத விஷயமா? கூலி, மருமகள், குழுக்கடன் தவணை, முட்டிவலி எல்லாம் வரும். நீயும் அதே ஜீப்பில் போகிறவள் என்றால் காதைத் திறந்து வை. ஆனால் செல்போனில் ரெக்கார்டு மட்டும் பண்ணாதே. அது தப்பு, தெரிந்தால் அப்புறம் உன் பக்கத்தில் ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள். கேட்டதில் ஒரே ஒரு வாக்கியத்தை, அவர்கள் சொன்னபடியே, வீட்டுக்கு வந்ததும் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வை. கதையாக மாற்றுவது பிறகு.

‘மேற்குத் தொடர்ச்சி மலை’ படம் பார்த்தாயா? லெனின் பாரதி எடுத்தது, 2018-ல் வந்தது. ஏலக்காய் மூட்டை சுமக்கிற ஒருவன், துண்டு நிலம் வாங்க ஆசைப்படுகிறான். கரு அவ்வளவுதான். ஒரு ஆள், ஒரு ஆசை, அதற்குக் குறுக்கே நிற்கிற ஒன்று: இந்த மூன்றும் கிடைத்தால் உட்கார்ந்து எழுது, நாலாவதைத் தேடாதே.

3. பாட்டியிடம் “பழைய கதை சொல்லு” என்று கேட்காதே, ராமாயணத்தை ஆரம்பித்துவிடுவாள். “எந்த நகையை அடகு வச்சீங்க? ஏன் மீட்கலை?” என்று கேள். தொலைந்ததில்தான் கதை இருக்கிறது. வைகை அணையை 1959-ல் திறந்தார்கள். அதற்காகத் தண்ணீருக்குள் போன ஊர்களில் ஒன்றுதான் வைரமுத்து பிறந்த மெட்டூர். அந்த இழப்புதான் ‘கள்ளிக்காட்டு இதிகாச’மாகி, 2003-ல் சாகித்ய அகாதெமி விருதும் வாங்கியது. உன் வீட்டிலும் ஏதோ ஒன்று தொலைந்திருக்கும், விசாரி.

4. சரித்திரம் வேண்டுமா? பெரியாறு அணை 1895-லிருந்து நமக்குத் தண்ணீர் தருகிறது. நாம் அதைக் கட்டிய பென்னிகுக் பெயரில் பொங்கல் வைத்தோம், வந்தவாசிக்காரர் அ.வெண்ணிலா அந்த அணையைப் பற்றி ‘நீரதிகாரம்’ நாவலே எழுதினார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. நீ அணை முழுவதையும் தூக்கிச் சுமக்க வேண்டாம், வருடக்கணக்கில் இழுக்கும். மலைக்காட்டு வேலைக்குப் போய்க் காய்ச்சலில் செத்த ஒரு கூலிக்காரன், ஊரில் காத்திருந்த அவன் பெண்டாட்டி, இது போதும்.

5. அரிவாள், ஆலமரம், பஞ்சாயத்து, வெள்ளைத் தாவணி தேவதைகள் வேண்டாம். பாரதிராஜா ‘16 வயதினிலே’ எடுத்தது 1977-ல். அது அவர் பார்த்த கிராமம். இப்போது போடியில் ஏலக்காய் ஏலம் கம்ப்யூட்டரில் நடக்கிறது. சென்னைக்கு நேராக ரயில் போகிறது. உன் கண்ணில் படுகிற ஊரை எழுது.

6. பக்கத்து வீட்டுக்காரியை அப்படியே கதைக்குள் இறக்காதே. பெயரை மட்டும் மாற்றினால் போதாது. வயசு, தொழில், தெரு எல்லாவற்றையும் மாற்று. சண்டைக்கு வந்தால் நான் பஞ்சாயத்து பேச வரமாட்டேன்.

7. எழுதும் முன்னால் கதையை எல்லோரிடமும் சொல்லிவிடாதே. சொல்லி முடித்ததும் எழுதுகிற ஆசை வடிந்துவிடும்.

இன்று ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் பத்து வரி எழுது, கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பத்து வரி இல்லாமல் என்னிடம் கரு கேட்டு வராதே.