எங்கே நின்று பார்க்கிறாய்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. எம்.ஏ. சமூகவியலில் உனக்கு இடம் கிடைத்துவிட்டதென்று அண்ணன் போனில் சொன்னார். குரலில் கவலைதான் கூடுதலாக இருந்தது. "கணக்கில் பி.எஸ்சி. முடிச்ச பிள்ளை, இதைப் படிச்சு என்ன செய்யப்போகுது?" என்று கேட்டார். அவருக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். இந்தப் பாடத்தைக் கல்லூரியில் நெடுங்காலம் நடத்தியவள் என்ற முறையில் உனக்குச் சொல்லவேண்டியது வேறு.

நீ இதுவரை படித்த கணக்கை யார் போட்டாலும் விடை ஒன்றுதான். இங்கே அப்படி இல்லை. கேட்பவர் யார், யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறார், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். அதற்காக, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்துவிடாதே. நீ நிற்கும் இடத்தை முதலில் சொல். பிறகு பார்த்ததைச் சொல். இன்னொருவர் வந்து சரிபார்க்கும்படி சொல். இந்த நாலு செமஸ்டரில் நீ கற்றுக்கொள்ள வேண்டியது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்குத் துணை.

தஞ்சாவூரைப் பற்றிய இரண்டு புத்தகங்கள் உன் பாடத்திட்டத்தில் எப்படியும் வரும். 1961-62இல் ஆந்த்ரே பெத்தேய் ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார். ஊரின் பெயரை மறைத்து 'ஸ்ரீபுரம்' என்று வைத்தார். சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் ஒரே கையில் இருந்த நிலை மாறி, நிலம் ஒருவரிடமும் பஞ்சாயத்து இன்னொருவரிடமும் போவதை 1965இல் வெளியான நூலில் எழுதினார். அவருக்குத் தங்க இடம் கிடைத்தது அக்ரகாரத்தில். அதனால் பிராமணர் வீடுகளுக்குள் நன்றாகப் போய்வர முடிந்தது; ஊரின் மற்றவர்களுக்கு அவர் அக்ரகாரத்து ஆளாகிவிட்டார். ஆதிதிராவிடர் தெருவில் அதே மாதிரி உட்கார்ந்து பேச அவருக்கு முடியவில்லை. இதை அவரே பின்னாளில் வெளிப்படையாக எழுதினார்.

அவருக்குப் பத்தாண்டு முன்னால் அதே மாவட்டத்துக்கு வந்தவர் காத்லீன் கஃப். அவர் எடுத்துக்கொண்ட ஊருக்கு 'கும்பப்பேட்டை' என்று பெயர் வைத்தார். நிலம் யாரிடம், உழைப்பு யாருடையது, விளைச்சலில் பங்கு யாருக்கு எவ்வளவு என்று பின்னாளில் எழுதிய நூலில் மார்க்சியப் பார்வையில் கேட்டுக்கொண்டு போனார். இரண்டு நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதே. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கு ஏன் தெரியவில்லை என்று கேள். அப்படிக் கேட்கத் தொடங்கிவிட்டால் கோட்பாட்டுத் தாளைப் பார்த்து உனக்குப் பயம் வராது.

கோட்பாட்டு வகுப்பு வறட்சியாக இருக்கிறதென்று முதல் செமஸ்டரிலேயே பாதிப் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். நோட்ஸை மட்டும் படித்தால் வறட்சியாகத்தான் இருக்கும். செமஸ்டருக்கு ஒரு மூல நூலையாவது முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படி. உனக்குக் கணக்கு வரும். அதனால் எமில் துர்க்கைமின் தற்கொலை பற்றிய நூலில் தொடங்கு. 1897இல் வந்தது. ஒரு மனிதன் தனியாக எடுக்கும் முடிவு என்று எல்லோரும் நினைத்திருந்த ஒன்றை அவர் அரசாங்கப் புள்ளிவிவரங்களை அடுக்கி ஆராய்ந்தார். மணமானவர் எத்தனை பேர், ஆகாதவர் எத்தனை பேர், கத்தோலிக்கர் எவ்வளவு, புராட்டஸ்டன்ட் எவ்வளவு என்று ஒப்பிட்டு, மனிதரைச் சமூகத்தோடு கட்டிவைக்கும் பிணைப்பு தளர்ந்தாலும் ஆபத்து, அளவு மீறி இறுகினாலும் ஆபத்து என்று காட்டினார். அவர் நம்பிய புள்ளிவிவரங்களைப் பற்றிப் பிற்காலத்தவர் நிறையக் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் சேர்த்துப் படி. புள்ளியியல் தாளைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் ஓடும்போது நீ நின்று படி; உன் பலம் அது.

அம்பேத்கர் சாதியைப் பற்றி எழுதிய முதல் பெரிய கட்டுரை ஒரு மாணவரின் கருத்தரங்கக் கட்டுரைதான் என்பதை உன் வகுப்புத் தோழர்களுக்கும் சொல். 1916 மே மாதம், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், மானுடவியல் கருத்தரங்கில் வாசித்தார். வயது இருபத்தைந்து. சாதியின் கொடுமையை உடம்பால் அனுபவித்தவர் அங்கே தன் கதையைச் சொல்லவில்லை. சாதியை நிலைநிறுத்துவது எது என்று கேட்டு, சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் அகமணம்தான் என்று காட்டினார். சதி, கைம்மை, குழந்தைத் திருமணம் மூன்றும் அந்த அகமண வேலியைக் காக்க ஏற்பட்ட வழிகள் என்று வாதிட்டார். பிரெஞ்சு அறிஞர் காப்ரியேல் தார்தின் 'பின்பற்றல்' கோட்பாட்டை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவு கதவடைத்துக்கொண்டதும் மற்றப் பிரிவுகளுக்கும் அது எப்படிப் பரவியது என்று விளக்கினார். படித்த கோட்பாட்டைக் கையில் எடுத்து, பட்ட அனுபவத்தைக் கேள்வியாக்கிய கட்டுரை அது. உன் வாழ்க்கையிலும் கேள்வியாகாமல் கிடக்கும் விஷயங்கள் உண்டு. நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் எந்த வரிசையில் வருகிறது என்பதிலிருந்தே நீ ஆரம்பிக்கலாம்.

களத்துக்குப் போகும்போது கேள்விப்பட்டியலை நம்பி மட்டும் போகாதே. பீடி சுற்றும் ஊர் ஒன்றுக்கு மாணவர்களோடு போயிருந்தேன். ஒரு பெண்மணி வாசலில் மடியில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். கத்தரியால் இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலைச் சுற்றி, தலையை மடக்கி முறத்தில் போட்டுக்கொண்டே இருந்தார். மாணவன், "என்ன வேலை பார்க்கீங்க?" என்று கேட்டான். "வேலைக்கெல்லாம் போகலை, வீட்டுலதான் சும்மா இருக்கேன்" என்றார். அந்தப் பதிலைச் சொல்லும்போதும் கை நிற்கவில்லை. மாணவன் 'வேலை இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டான். பட்டியலில் உள்ள கேள்வியைத்தான் கேட்டான், சொன்ன பதிலைத்தான் பதிந்தான். ஆனாலும் கண்ணெதிரே நடந்த வேலை கணக்கில் வராமல் போய்விட்டது. மறுநாள் கேள்வியை மாற்றச் சொன்னேன்: "நேத்து காலையில எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க?" அதே தெருவில் பதில்கள் பக்கம் பக்கமாக வந்தன. நம் நாடு முழுக்க இப்படி நேரத்தைக் கேட்டு எடுத்த முதல் பெரிய கணக்கெடுப்பே 2019இல்தான் நடந்தது.

குறிப்பை அன்றைக்கே எழுது. 'இந்த ஊரில் சாதி வேற்றுமை இல்லை என்றார்கள்' என்று எழுதினால் அது குறிப்பே இல்லை. சொன்னது யார், எங்கே இருந்து சொன்னார் என்று எழுது. 'ஊர்ப் பெரியவர் நாற்காலியில் இருந்தபடி, எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்கோம் என்றார். காலனிக்காரர் இருவர் முற்றத்தில் நின்றார்கள். ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு பேசவில்லை. டீ எங்களுக்கு மட்டும் வந்தது.' இப்படி எழுதினால் ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்க்கும்போதும் அந்த இடம் உனக்குப் பேசும். பேச்சைத் தமிழில் கேட்டால் தமிழிலேயே, அவர்கள் சொன்னபடியே எழுதிவை. ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மறுபடி காலனிக்குத் தனியாகப் போ. நின்றவர்களிடம் அவர்கள் வாசலில் உட்கார்ந்து கேள்.

கடைசி செமஸ்டர் ஆய்வேட்டுக்கு இப்போதே ஒரு யோசனை சொல்லிவைக்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களை அவரவர் பக்கத்துக் கிராமங்களில் கணக்கெடுக்கச் சொன்னார். அது 1918இல் நூலானது. அதில் நம் மாவட்டத்துக் கங்கைகொண்டானும் இருக்கிறது. இருபதாண்டு கழித்து அதே ஊர்களில் மறு ஆய்வு செய்து 1940இல் இன்னொரு நூல் வந்தது. இன்றைக்குக் கங்கைகொண்டானில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. பழைய நூலில் உள்ள அதே கேள்விகளில் ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு போய், நிலத்தை விட்டவர்கள் எங்கே போனார்கள், தொழிற்பேட்டைக்குள் யாருக்கு எந்த வேலை கிடைத்தது என்று கேட்டால் போதும். ஆய்வேட்டின் தலைப்பு சின்னதாக இருக்கட்டும், வேலை ஆழமாக இருக்கட்டும்.

வேலை விஷயத்தையும் மழுப்பாமல் சொல்கிறேன். கல்லூரியில் உதவிப் பேராசிரியராக வேண்டுமானால் நெட் அல்லது செட் தேற வேண்டும், அல்லது பிஎச்.டி. வேண்டும். நெட்டோடு ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் ஆய்வுக் காலத்தில் உதவித்தொகை வரும், வீட்டுக்குப் பாரமில்லை. இரண்டாம் ஆண்டிலிருந்தே தயாராகு. குடிமைப் பணித் தேர்வுக்கும் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம். ஆய்வு நிறுவனங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் கள ஆய்வும் புள்ளியியலும் சேர்ந்து தெரிந்தவர்களுக்குத் தேவை இருக்கிறது. நிரந்தரப் பணி சீக்கிரம் கிடைக்காது; சில வருஷம் கௌரவ விரிவுரையாளராக, திட்டப் பணியாளராக ஓட்ட வேண்டியிருக்கலாம். இதைத் தெரிந்துகொண்டே உள்ளே போ. தேர்வுக்காகக் கைடு புரட்டலாம். ஆனால் கைடு மட்டுமே உன் படிப்பாகிவிடக் கூடாது.

அப்பாவிடம் கோபப்படாதே. அவர் கேட்பதும் நியாயமான கேள்விதான். விடுமுறையில் வரும்போது நீ படித்ததை அவருக்குப் புரியும்படி சொல்லிப் பார். அவருக்குப் புரியும்படி உன்னால் சொல்ல முடியவில்லையென்றால், அந்தப் பாடம் உனக்கே இன்னும் பிடிபடவில்லை என்று வைத்துக்கொள்.

முதல் கருத்தரங்கக் கட்டுரையை எழுதியதும் ஆசிரியரிடம் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு அனுப்பு. திருத்தி அனுப்புகிறேன். துர்க்கைம் நூல் என் அலமாரியில் இருக்கிறது, பெத்தேயும் இருக்கிறது. கிளம்புவதற்கு முன் வந்து எடுத்துக்கொண்டு போ. நன்றாகப் படி, நன்றாக இரு.

அன்புடன்,
உன் அத்தை